என் கல்லை எடுத்த கை

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒன்று. ஒரு மலையில் நான் இரண்டு காலோடு ஏறினேன், ஒன்றரைக் காலோடு இறங்கினேன். இன்றைக்கும் என் இடது கால் சுண்டுவிரல் மடங்காது. கதை விடுகிறவன் எவனாவது கதைக்காகக் காலை உடைத்துக்கொள்வானா?

பேய் என்றதும் நடுநிசி, நாய் ஊளை, ஒற்றைப் புளியமரம் என்று காத்திருக்காதீர்கள். அது எதுவும் இதில் இல்லை. இது நடந்தது பட்டப்பகலில். பகல் பதினொன்று ஐம்பதிலிருந்து பன்னிரண்டு ஐந்து வரை. மொத்தம் பதினைந்து நிமிடம். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய கடிகாரம் கையில் இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பிந்தும். அதையும் கழித்துத்தான் சொல்கிறேன்.

என் பெயர் பரந்தாமன். அயனம்பாக்கம். அப்போது எனக்கு வயது இருபத்தைந்து. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து லேத் நாகேந்திரன். ஒரே ஷிப்டு, ஒரே சைக்கிள், ஒரே பீடிக் கட்டு. அவனுக்குத்தான் என் தங்கை தாட்சாயிணியைக் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. 1972 ஆவணி பத்தாம் தேதி முகூர்த்தம். அப்பா இல்லாத வீடு, முன்னால் நின்று நடத்த வேண்டியவன் நான். ஊர் பேரெல்லாம் பத்திரிகையில் எழுதியாகிவிட்டது.

கல்யாணத்துக்கு இருபது நாள்கூட இல்லை. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் ஆறு. “மச்சான், கால்கட்டு போட்டப்புறம் எங்க போவ முடியும்? ஒரு நாளு ஊர் சுத்திட்டு வரலாம் வா” என்றான் நாகேந்திரன். அவன்தான் அந்த மலையைச் சொன்னான். ஊத்துக்கோட்டைக்கு அப்பால், பாதி நம் பக்கம், பாதி ஆந்திராப் பக்கம். காடு, சுனை, அடுக்கடுக்காகப் பாறை. பெயரை எழுதமாட்டேன். யாராவது படித்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

அம்மா பூங்காவனம் புளிசோறு கட்டிக்கொடுத்தாள். அவளுக்கு அன்று வானகரத்தில் ஒரு வளைகாப்பு. இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவேன் என்றாள். “இருட்டறதுக்குள்ள வந்துடு. பொண்ணு தனியா கீது” என்று என்னிடம் மூன்று முறை சொன்னாள்.

காலை ஒன்பது இருபதுக்கு மலையடிவாரம். அங்கே ஒரு கீற்றுக் கொட்டகை. காட்டுக்காவல் ஆள் ஒருவர், பெயர் வேம்புலி. அறுபது வயதிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. அவரிடம் ஒரு முறை உண்டு. மலை ஏறுகிறவன் ஒவ்வொருவனும் வாய்க்காலில் ஒரு கல் பொறுக்கி, கொட்டகை முன்னால் இருக்கிற பாறை மேல் வைக்க வேண்டும். இறங்கி வந்ததும் தன் கல்லைத் தானே எடுத்து வாய்க்காலில் வீச வேண்டும். நாலரை மணிக்குப் பாறையில் கல் மிச்சம் இருந்தால், அத்தனை பேர் மேலே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர் ஆள் கூட்டிக்கொண்டு தேடப் போவார்.

“அவனவன் கல்ல அவனவன்தான் எடுக்கணும். ஒருத்தன் கல்ல இன்னொருத்தன் தொடக் கூடாது” என்றார் வேம்புலி.

நாகேந்திரன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காரணம் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன். உள்ளே போகும்போது பெட்டியில் போட்டால் ஆள் வந்ததாகக் கணக்கு. எவனாவது தூங்கிவிட்டாலோ சினிமாவுக்குப் போய்விட்டாலோ, கூட்டாளி அவன் டோக்கனையும் சேர்த்துப் போட்டுவிடுவான். இதில் நாகேந்திரன் மன்னன். இரண்டு டோக்கனை ஒரே கையில் வைத்து, ஒரே சத்தம் வருகிற மாதிரி போடுவான். வாட்ச்மேன் காதை நீட்டிக்கொண்டு நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்காக எத்தனை நாள் போட்டிருக்கிறான் என்பதற்கு விரல் போதாது.

“பெரியவரே, நாங்க டோக்கன் போடறதுல பழம் தின்னு கொட்டை போட்டவங்க” என்றான்.

வேம்புலி சிரிக்கவில்லை.

ஏறினோம். அது மணற்பாறை மலை. பார்த்தால் பாறை, தொட்டால் மண். கையால் தேய்த்தாலே சிவப்பாக உதிரும். காலை வைக்கும் முன் தட்டிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். சட்டை, தலைமுடி, புளிசோற்றுப் பொட்டலம் எல்லாவற்றிலும் மண்.

பத்து ஐம்பதுக்கு ஓர் எல்லைக்கல் வந்தது. சுண்ணாம்பு அடித்த கல். அதற்கு அப்பால் ஆந்திரா என்று நினைத்தோம். எண்பது அடி தள்ளி இன்னொரு கல் நின்றது, பழசு, பாசி பிடித்தது. அறுபதில் மாநில எல்லையைத் திருத்தியபோது புதுக் கல்லை நட்டவர்கள் பழைய கல்லைப் பிடுங்காமல் விட்டிருக்கிறார்கள். ஆக, நடுவில் எண்பது அடி அகலத்துக்கு ஒரு நிலம். அதில்தான் சுனை இருந்தது.

“இது யார் ஊருடா மச்சான்?” என்றான் நாகேந்திரன்.

“நம்மள்து” என்றேன்.

அங்கேதான் முதல் சங்கதி. ஏறும் வழியெல்லாம் நாங்கள் கத்திக்கொண்டு வந்தோம். ஓ என்றால் பாறையும் ஓ என்றது. இரண்டு கல்லுக்கு நடுவே போனதும் கத்திப் பார்த்தோம். எதிரொலி வரவில்லை. பாறை அதே பாறைதான். குரல் போனது, திரும்பவில்லை.

நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இளவட்டம், பயப்படுவதற்கு நேரம் ஏது. சோறு தின்றோம். நான் சட்டையைக் கழற்றி ஒரு பாறை மேல் போட்டுவிட்டு, ஷூவைத் தண்ணீரோரம் கழற்றி வைத்துச் சுனையில் இறங்கினேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. கல்யாணத்துக்காக எடுத்த துணியில் மிஞ்சியதைத் தைத்தது.

கரையில் துவைத்து வைத்த துணிபோல் சுத்தமான மணல். நாகேந்திரனின் செருப்புத் தடமும் என் கேன்வாஸ் ஷூ தடமும் தெளிவாகத் தெரிந்தன. குளித்துவிட்டு ஏறும்போது பார்த்தேன்... மூன்றாவதாக ஒரு தடம். வெறும் கால். அது காட்டுக்குள்ளிருந்து வரவில்லை. தண்ணீரிலிருந்தும் வரவில்லை. மணலுக்கு நடுவே தொடங்கியது. நாலே அடி. என் சட்டை கிடந்த பாறையோடு நின்றது.

“இன்னாத்துக்குக் கூப்ட்டே?” என்றான் நாகேந்திரன். அவன் இருபது அடி தள்ளிப் பாறை நிழலில் படுத்திருந்தான்.

“நான் எங்கடா கூப்ட்டேன்?”

“கூப்ட்டியே. மாப்ளேன்னு.”

நான் கூப்பிடவில்லை.

மணி பதினொன்று நாற்பது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மேலே ஒரு பாறைத் திட்டு தெரிந்தது. அங்கே ஏறினால் இரண்டு மாநிலமும் ஒரே பார்வையில் தெரியும் என்று தோன்றியது. சட்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று ஷூவை மட்டும் மாட்டிக்கொண்டு வெற்றுடம்போடு ஏறினேன். தட்டிப் பார்க்காமல் காலை வைத்தேன். அது என் தப்பு.

சர்ர்ர்...

திட்டு உடைந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு வெடிப்பில் சரிந்து போய் மார்பு வரை மாட்டிக்கொண்டேன். இடது கால் அடியில் எதிலோ சிக்கி நசுங்கியது. வலியில் கண் இருட்டியது. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஐம்பது.

“மாப்ளே! காலு மாட்டிக்கிச்சிடா! மாப்ளே!”

வெடிப்பின் இன்னொரு முனையில் ஒரு சாண் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. அந்த வழியாகச் சுனைக் கரை தெரிந்தது. நாகேந்திரனின் கால் இரண்டும் தெரிந்தன. நாற்பது அடிகூட இருக்காது. தொண்டை கிழியக் கத்தினேன். கால்கள் அசையவில்லை.

கத்தி ஓய்ந்தேன். மேலிருந்து மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. காற்று இல்லை. இலைகூட ஆடவில்லை. ஆனாலும் மண் உதிர்ந்தது... யாரோ மேலே உட்கார்ந்து கையால் தேய்ப்பதுபோல.

பதினொன்று ஐம்பத்தெட்டு.

குரல் கேட்டது.

“மாப்ளே... காலு... மாட்டி...”

என் குரல்.

எதிரொலியே இல்லாத இடம் அது. நான் வாயை மூடி ஐந்து நிமிடமாவது ஆகிவிட்டது.

மறுபடியும் வந்தது. “மாப்ளே. காலு மாட்டிக்கிச்சிடா.” இந்த முறை தடுமாற்றம் குறைவு. புதுப் பையனுக்கு மெஷின் கொடுத்தால் முதல் பீஸ் கோணலாக வரும், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது சரியாக வரும். அப்படித்தான் வந்தது.

மூன்றாவது முறை என் குரல் அச்சாக இருந்தது. ஆனால் வார்த்தை வேறு.

“மாப்ளே, வா போலாம்.”

அதை நான் சொல்லவே இல்லை.

நாகேந்திரனின் கால்கள் எழுந்தன.

“வரேன் மச்சான்” என்றான்.

பன்னிரண்டு மூன்று.

வெளிச்சத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் நாகேந்திரன். இன்னொருவன் முதுகு மட்டும் தெரிந்தது.

நீலக் கட்டம் போட்ட சட்டை.

வெறும் கால்.

நாகேந்திரனின் தோளில் கை போட்டிருந்தான். நான் போடுகிற மாதிரியே.

கத்தினேன். பெயர் சொல்லிக் கத்தினேன். “நாகேந்திரா! நான் இங்க கீறேன்டா! உட்டுட்டுப் போவாதடா!”

அவன் நின்றான்.

திரும்பினான்.

நேராக என் பக்கம் பார்த்தான். அவன் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியாது. அவனுக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

பிறகு திரும்பிக்கொண்டு... வேகமாக நடந்தான்.

மற்றவன் திரும்பவே இல்லை.

பன்னிரண்டு ஐந்து.

அந்த வெடிப்பில் நான் அழுதேன். வலியால் இல்லை. என் தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவன், நான் சாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, எவனுக்கோ என் சட்டையை மாட்டிவிட்டுத் தோள்மேல் கை போட்டுக்கொண்டு போகிறான். என் புத்தியில் பட்டது அதுதான். பேய் என்கிற நினைப்பே வரவில்லை. மனுசன் செய்த துரோகம் கண்ணுக்கு முன்னால் நடக்கும்போது பேய் எங்கே ஞாபகம் வரும்? குரலைக்கூட, அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்குப் பழிப்புக் காட்டியதாகத்தான் எடுத்துக்கொண்டேன். இதில் எனக்கு இருந்த ஒரே தைரியம் வேம்புலி. நாலரைக்குக் கல் மிச்சம் இருப்பதைப் பார்ப்பார், ஆள் வரும் என்று காத்திருந்தேன்.

பிறகு பொறுக்க முடியவில்லை. ஷூவை வெடிப்பிலேயே விட்டு, தோல் உரிய உரியக் காலை உருவினேன். மணி இரண்டு நாற்பது. தோளில் கிடந்த துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு, உட்கார்ந்தும் தவழ்ந்தும் இறங்கினேன். அடிவாரம் வந்தபோது நாலு ஐம்பது. யாரும் என்னைத் தேடி எதிரே வரவில்லை.

பாறையில் ஒரு கல்கூட இல்லை.

வேம்புலி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த விறகு விழுந்தது.

“பெரியவரே, என் கல்ல யாரு எடுத்தது?”

“நான் பாக்கல சாமி. உள்ள இருந்தேன். ரெண்டு கல்லு தண்ணில உயுந்த சத்தம் கேட்டுச்சி. சரி, ரெண்டு பேரும் எறங்கிட்டாங்கன்னு உட்டுட்டேன்.”

“ரெண்டு சத்தமா, ஒரு சத்தமா?”

அவர் யோசித்தார். “ஒரே சத்தமாத்தான் கேட்டுச்சி” என்றார்.

எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. இரண்டு டோக்கனை ஒரே சத்தத்தில் போடுகிறவன் உலகத்தில் ஒருத்தன்தானே. என் கல்லை அவன் எடுத்துப் போட்டிருக்கிறான். என்னை யாரும் தேடக்கூடாது என்று போட்டிருக்கிறான். வேம்புலி ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். கையில் கொடுக்கவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தத்தைக் கண்டு அருவருக்கிறார் என்று நினைத்தேன்.

மலையிலிருந்து ரோட்டுக்கு ஒரு கட்டைவண்டி கிடைத்தது. ஊத்துக்கோட்டை வந்தபோது கடைசி பஸ் போய்விட்டது. ஸ்டாண்டிலேயே சுருண்டு படுத்தேன். மறுநாள் காலை ஏழு முப்பதுக்கு வீட்டுக் கதவைத் தட்டினேன்.

தாட்சாயிணி கதவை நாலு விரல் அகலம் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். கதவை அகலத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. என் காலில் சுற்றிய துண்டிலிருந்து வாசற்படியில் ரத்தம் சொட்டியது. அதைப் பார்த்த பிறகுதான் நகர்ந்து வழி விட்டாள்.

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள். “இன்னாடா, நைட் ஷிப்டு முடிச்சிட்டு நொண்டிகினு வர்றே? மெஷின்ல உட்டுக்கினியா காலை?”

நைட் ஷிப்டா? எனக்கு எதற்கு நைட் ஷிப்டு? யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. நாகேந்திரன் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், வீட்டிலும் யாரும் தேடாமல் இருக்க வழி பண்ணியிருக்கிறான் என்று நானே முடிவு கட்டினேன்.

அன்று சாயங்காலமே நொண்டிக்கொண்டு எஸ்டேட் டீக்கடைக்குப் போனேன். நாகேந்திரன் இருந்தான். என் காலைப் பார்த்துப் பதறினான்.

“இன்னா மச்சான் ஆச்சி? நேத்து நல்லாத்தானே வந்தே?”

சட்டையைப் பிடித்தேன். “எவன்டா கூட வந்தவன்? எவனுக்குடா என் சட்டையப் போட்டே?”

“எவனா? நீதான்டா வந்தே! வா போலாம்னே, வந்தேன். அப்புறம் வாயே தொறக்கல. எதுக்கோ கோவம்னு நினைச்சேன். பஸ்ல ஜன்னலப் பாத்துகினே வந்தே. அம்பத்தூர் ஓ.டி.ல எறங்கி ஊட்டுப் பக்கம் நடந்து போனே.”

“நான் கத்துனது உன் காதுல உழல?”

“உழுந்திச்சி” என்றான் மெதுவாக. “உன் குரல் மாதிரியே இருந்திச்சி. ஆனா நீ பக்கத்துல நிக்கிறே. அப்ப கூப்புடறது எவன்? அந்தப் பயத்துலதான் வேகமா எறங்குனேன்.”

பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா? செய்ததையும் செய்துவிட்டுப் பேய் மேல் பழி போடுகிறானே என்று கன்னத்தில் அறைந்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. “உன் கல்ல நீயே எடுத்துப் போட்டே மச்சான், நான் என்னுத மட்டும்தான் போட்டேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மறுநாள் எங்கள் தெருவுக்கே வந்து, எல்லார் முன்னாலும் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தான். நான் கதவைச் சாத்தினேன். கல்யாணம் நின்றது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தாட்சாயிணி அழவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஆசைப்பட்டவனை அண்ணன் பிரித்துவிட்டான், ஒரு வார்த்தை திட்டக்கூடவா தோன்றாது? எனக்கு அதுதான் பெரிய உறுத்தல்.

நாகேந்திரன் அந்த மாதமே கணக்கை முடித்துக்கொண்டு வடக்கே எங்கோ வேலைக்குப் போய்விட்டான். போகிற அன்று என் லேத் மேல் அரைக் கட்டு பீடியை வைத்துவிட்டுப் போனான். நான் அதைச் சாக்கடையில் எறிந்தேன்.

ஆறு வருடம் ஓடியது. எத்தனை வரன் வந்தாலும் தாட்சாயிணி தட்டிக் கழித்தாள். என்னோடு பேசுவாள், அளவாக. சோற்றுத் தட்டைக் கையில் தரமாட்டாள், கீழே வைத்துத் தள்ளுவாள். நான் சாப்பிடும்போது என் விரல்களையே பார்ப்பாள். அம்மா ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வாள். கல்யாணம் நின்ற கோபம் என்று நினைத்தேன். நியாயம்தானே என்று பொறுத்துக்கொண்டேன்.

கடைசியில் 1979 தை மாதம் வானகரத்துக் கோவிந்தனுக்குச் சம்மதித்தாள். நல்ல பையன், ரெண்டு மாடு, சொந்த நிலம். ஆறு வருடம் கழித்து என் மனசு லேசானது. எங்கள் வழக்கத்தில் மணமேடையில் பெண்ணுக்கு அண்ணன்தான் பொரி இட வேண்டும். அவள் இரண்டு கையையும் குவிப்பாள், அண்ணன் அதில் பொரியை அள்ளிப் போட்டு, அவள் கையைத் தன் கையால் தாங்கி அக்கினியில் சேர்ப்பிப்பான். அப்பா இல்லாத பெண்ணுக்கு அதைவிடப் பெரிய உறவு எது? அதற்காக நான் புது வேட்டி வாங்கி வைத்திருந்தேன்.

முகூர்த்தம் காலை ஆறு மணி. ஐந்தே காலுக்குச் சித்தப்பா மகன் சம்பத் என்னிடம் வந்தான். முகம் சரியில்லை.

“அண்ணா, தப்பா நினைக்காதே. பொரி நான் போடணுமாம். தாட்சாயிணி சொல்லிச்சி.”

ஊரே கூடியிருக்கிறது. கூடப் பிறந்தவன் உயிரோடு குத்துக்கல்லாக நிற்கும்போது பங்காளி வந்து பொரி போடுவதா? நாகேந்திரன் முதுகைக் காட்டிக்கொண்டு போனபோது வலித்த அதே இடத்தில் வலித்தது. நேராகப் பெண்ணின் அறைக்குப் போனேன். மற்றவர்களை வெளியே அனுப்பினேன். அவள் மட்டும் கூறைப் புடவையில் சுவரோரம் நின்றாள்.

“நான் உனக்கு இன்னா துரோகம் பண்ணேன் தாட்சா? நாகேந்திரன நிறுத்துனதுக்கா இது?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கதவு திறந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். குரல் தாழ்ந்திருந்தது.

“நீ மலைக்குப் போன அன்னிக்கு... சாயங்காலம் ஆறரைக்கு நீ ஊட்டுக்கு வந்தே.”

“நானா?” என்றேன்.

“அந்த நீலக் கட்டம் சட்டை. செருப்பு இல்ல. சோறு கேட்டே. போட்டேன். நீ கையால பிசைஞ்சே... பிசையப் பிசைய சோத்துல செவப்பு மண்ணு உதுந்துகினே இருந்திச்சி. அப்பிடியே தின்னே. கை கழுவிட்டு வாயேன்னேன். சிரிச்சே.”

வெளியே நாதஸ்வரம் தொடங்கியது. அவள் இன்னும் மெதுவாகப் பேசினாள்.

“அம்மா வர்றதுக்குள்ள எழுந்துட்டே. ஏரிப் பக்கம் போறேன், அம்மா கேட்டா நைட் ஷிப்டுன்னு சொல்லுன்னே. சொன்னேன். அப்புறம் வாசப்படில நின்னு... ஒண்ணு சொன்னே.”

“இன்னா சொன்னேன்?”

அவள் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. ஆனால் என் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கதவிடுக்கில் பார்த்த அதே பார்வை. ஆறு வருடமாக, என் ஒவ்வொரு சோற்றுக் கவளத்தையும் பார்த்த பார்வை.

“‘நான்தான் உன் அண்ணன். நாளைக்குக் காலைல ஒருத்தன் வருவான். என்ன மாதிரியே இருப்பான். அழுவான். கதவத் தெறக்காதே’ன்னு சொன்னே.”

நான் என் கையைப் பார்த்தேன்.

“நான் தெறந்துட்டேன்” என்றாள். “ரத்தத்தப் பாத்து மனசு கேக்கல... தெறந்துட்டேன். அன்னிலேந்து பாத்துகினேதான் கீறேன். ஏரிப் பக்கம் போனது திரும்பி வரவே இல்ல. நீ எங்க அண்ணனா இருந்தா, என்ன மன்னிச்சிடு.”

கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“இல்லன்னா... தயவுசெஞ்சி என் கையத் தொடாதே.”

சம்பத்தான் பொரி போட்டான். நான் பந்தலுக்கு வெளியே நின்றேன். பிறகு நாகேந்திரனைத் தேடி எத்தனையோ கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. தாட்சாயிணிக்கு இரண்டு பிள்ளைகள் ஆயிற்று. மாமா என்று அவர்கள் ஓடி வந்தால், அவள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அழைத்துக்கொள்வாள்.

நான்தான் பரந்தாமன். நான்தான் அந்த வெடிப்பிலிருந்து வந்தவன். எனக்கு அது நன்றாகத் தெரியும். அவளிடம் சாமி மேல் ஆணையாக எத்தனையோ தடவை சொல்லியும் பார்த்துவிட்டேன்.

அவள் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னாள்.

“அன்னிக்கு வந்தவனும் அப்பிடித்தான் சொன்னான்.”